பாட்டு நின்ற பிறகும்

கிறிசாந்து அந்த வீட்டில் கடைசியாகச் செய்த காரியம் செருப்புப் போட்டதுதான்.

செருப்புப் போட அவன் உட்காரவும் மாட்டான், குனியவும் மாட்டான். வாசல்படியில் ஒற்றைக்காலில் நின்று, வலது கையை ஜெசிந்தாவின் இடது தோளில் ஊன்றிக்கொண்டு, மடக்கிய காலின் பின்வாரை ஒரு விரலால் இழுத்துவிடுவான். அவள் அடுப்படியில் இருந்தாலும் விடுவதில்லை. "ஜெசி, தோளு" என்று வாசலிலிருந்து குரல் வரும். அன்றைக்கு அவள் விரலெல்லாம் இட்லி மாவு. கையை விலக்கிப் பிடித்துக்கொண்டு போய் நின்றாள்.

"இவ்வளவு பெரிய சுவரு இருக்கு. அதப் புடிச்சா என்ன?"

"சுவரு தணிஞ்சு குடுக்காது. நீ குடுப்ப."

"ஒருநாள் எனக்கு இந்தத் தோளு இறங்கிரும். எனக்கு நானே வைத்தியம் பாக்கணும்."

"பாரு. பீஸு மட்டும் வாங்காத" என்றான். மற்றக் காலையும் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினான்.

கபடிப் பருவம் இல்லாத மாதங்களில் அவன் சங்கு குளிக்கப் போவது வழக்கம். ஊரே தலையில் தூக்கி வைத்து ஆடுகிற ரெய்டர் இன்னும் கடலில் முங்குகிறானே என்று பத்திரிகைக்காரர்கள் வியப்பார்கள். "மூச்சு அங்கனதான் கிடைக்கு" என்பான். அன்று மதியம் முயல்தீவுக்குத் தெற்கே, யாரோ அறுத்துவிட்ட பழைய வலை ஒன்று கடலடியில் அவன் காலைச் சுற்றிக்கொண்டது. கூட முங்கிய காசிம் அவனை மேலே கொண்டுவந்து சேர்த்தபோது அந்த மூச்சு அவனிடம் இல்லை.

அதற்குப் பிறகு மூன்று கபடிப் பருவங்கள் வந்து போயின.

ஜெசிந்தா தூத்துக்குடியில் ஒரு மருத்துவமனையின் இயன்முறை மருத்துவப் பிரிவில் வேலை பார்த்தாள். முறிந்த கை, இறுகிய முட்டி, பக்கவாதத்தில் ஓய்ந்த கால் எல்லாவற்றையும் மறுபடி வேலைக்கு அனுப்புவது அவள் தொழில். தன் துக்கத்தையும் அவள் அப்படித்தான் நடத்தினாள். தினமும் கொஞ்சம் வலிக்கிற அளவுக்கு அசைத்து, மீதி நேரம் வேலையில் வைத்தாள். நோயாளிகள் அவளுக்குப் பயப்படுவார்கள், ஆனால் நாள் தவறாமல் வருவார்கள்.

கிறிசாந்து ஆடிய கொற்கை அணி, கொங்கு அணியிலிருந்து செங்கோடன் என்ற ரெய்டரை வாங்கப் போகிறது என்ற செய்தி வந்த வாரம், அந்த அறையில் உடற்பயிற்சியைவிடச் சண்டைதான் அதிகம் நடந்தது.

"கைய எறக்காதீங்க அண்ணாச்சி. இன்னும் பத்து தடவை."

நிற்கிற நிலை கோணலா என்று பார்க்கக் கோடு போட்ட ஆளுயரக் கண்ணாடியின் முன்னால் நின்று, கப்பிக் கயிற்றைப் பிடித்து வலது கையை மேலே இழுத்துக்கொண்டிருந்தார் கூடலிங்கம். ஐஸ் பேக்டரி முதலாளி, கொற்கை ரசிகர் மன்றத் தலைவர். கை காதைத் தொட மறுத்து மாதக்கணக்காகிறது.

"ஐஸ் பேக்டரிக்காரருக்குத் தோளும் கட்டியாப் போச்சு" என்றாள் மெர்லின். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள். இடுப்பு வலிக்காகப் படுக்கையில் குப்புறக் கிடந்தாள். குப்புறக் கிடந்தாலும் வாய் ஓயாது.

"நீ பேசாம கெட, பிள்ளே. மதினி, நான் சொல்லுததைக் கேளுங்க. அது கிறிசாந்து காலு. கிறிசாந்து கையி. கொங்குக்காரன் வச்சு ஆடி ரெண்டு கப்பு தூக்கிட்டான். நம்ம வீட்டுச் சாமான் அடுத்த வீட்டுல கெடக்கதைப் பாத்துட்டுச் சும்மா இருக்க முடியுமா?"

"சாமானா? அவன் பேரு செங்கோடன். காங்கேயத்துப் பக்கம். பிடரியில பொத்தான் மாரி ஒண்ணத் தச்சுக்கிட்டு, செத்தவரு ஓடுன ஓட்டத்த ஓடுதான். அவனை வாங்க நம்ம இருளப்பனைக் குடுக்கணுமாம். ரெய்டரைப் பிடிக்கக் கார்னர்ல கல்லு மாரி நிக்க மனுசன். அவரக் குடுத்துட்டுத் திருட்டுக் காலு வாங்குதாங்களாம்."

"திருட்டு என்ன பிள்ளே திருட்டு? லீக்கு ஒத்துக்கிட்டிருக்கு. விதியில இருக்கு."

"விதியில இருந்தா வெக்கம் போயிருமா?"

மூலையில் சைக்கிள் இயந்திரத்தை மிதித்துக்கொண்டிருந்த காசிம் தலையை நிமிர்த்தினார். முட்டி வலிக்காக வருகிறவர். கிறிசாந்தோடு ஒரே வள்ளத்தில் முங்கியவர். அந்த நாளுக்குப் பிறகு கடலுக்குப் போகவில்லை.

"அந்த நரம்புச் சட்டை இருந்துச்சே, பனியன் மாரி" என்றார். "ஒரு வருசம் ராவும் பகலும் போட்டுத் திரிஞ்சான். நான்கூடக் கேலி பண்ணுவேன், என்னல, பொண்டாட்டி பின்னிக் குடுத்ததான்னு. அடிபட்டாச் சரி பண்ண உதவும்னு சொல்லித்தான் எல்லாப் பயலுக்கும் மாட்டிவிட்டாங்க. காலு எப்பிடிப் போச்சு, இடுப்பு எப்பிடித் திரும்பிச்சு, எல்லாம் அதுல ஏறிருச்சு. அத எடுத்து இன்னொருத்தன் நரம்புல ஊத்துனா, அவன் நெனைக்கதுக்கு முன்னாலயே காலு போயிருதாம்."

"நம்ம பழைய மொதலாளி நொடிச்சுப் போற நேரத்துல அதைக் கொங்குக்கு வித்துட்டுப் போயிட்டான்" என்றார் கூடலிங்கம். "அதுக்கப்புறம்தானே நாம ஆளுக்கொரு பங்கு போட்டு அணியை வாங்குனோம். இல்லன்னா விட்டிருப்பமா?"

அதனால்தான் இந்தச் சண்டைக்கு அர்த்தம் இருந்தது. அணி ஊர்க்காரர்களுடையது. ஒரு ஆட்டக்காரரை விற்பதானாலும் மாற்றுவதானாலும் மன்றத்தில் கை தூக்கித்தான் முடிவு செய்ய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கூட்டம்.

கூடலிங்கம் கயிற்றை விட்டுவிட்டுத் திரும்பினார். "மதினி, பெறவு வந்த சட்டப்படி அந்தப் பதிவு வாரிசுக்குச் சொந்தம். நீங்க திரும்பக் கேட்டா எல்லா இடத்துலயும் அழிச்சிரணும். மூணு வருசமா நீங்க கேக்கல. இனியும் கேக்கமாட்டேன்னு கூட்டத்துல ஒரு வார்த்தை சொல்லிருங்க. எல்லாக் கையும் மேல போயிரும். கிறிசாந்து நம்ம மண்ணுல ஆடுவான்."

"முதல்ல உங்க கையி மேல போகட்டும். கயித்தைப் புடிங்க."

"பதில் சொல்லலயே."

"நான் கபடி பாக்கிறதே இல்ல அண்ணாச்சி."

அது பொய். கொங்கு அணியின் ஒரு ஆட்டத்தையும் அவள் தவறவிட்டதில்லை. கதவைச் சாத்தி, சத்தத்தை முழுக்கக் குறைத்து, திரையில் செங்கோடனின் இடுப்புக்குக் கீழே மட்டும் பார்ப்பாள். பாதத்தின் வெளி ஓரத்தில் எடையைப் போட்டு நடக்கிற அந்த நடை. பிடிக்க வருகிறவனுக்கு இடது காலைக் கொடுப்பதுபோல் காட்டிக் கடைசி நொடியில் எடுத்துக்கொள்கிற அந்த ஏமாற்று. சத்தம் வேண்டாம். சத்தம் வைத்தால் அது வேறு ஊர் மைதானம் என்று தெரிந்துவிடும். கொற்கை மைதானத்தில் மட்டும்தான் ரெய்டு நேரத்தில் சத்தம் இருக்காது. சங்கு குளிக்கும் குடும்பங்கள் உட்கார்ந்த இடம் அது. தங்கள் ரெய்டர் நடுக்கோட்டைத் தாண்டி 'கபடி கபடி' என்று பாடத் தொடங்கியதும் கேலரி முழுக்க மூச்சைக் கட்டிக்கொள்வார்கள். அவன் திரும்பிக் கோட்டைத் தொடும்வரை விடமாட்டார்கள். முதலில் மூச்சு விட்டவர் அந்த வரிசைக்கே டீ வாங்க வேண்டும். ஒரு ரெய்டுக்கு இருந்த முப்பது வினாடிக் கட்டுப்பாட்டை லீக் எடுத்துவிட்ட பிறகு, கிறிசாந்தோடு கடைசிவரை மூச்சுக் கட்டியவர் காசிம் ஒருவர்தான்.

வியாழக்கிழமை மதியம் அறை காலியாக இருந்தபோது ஓர் இளைஞன் வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றினான். அங்கே யாரும் கழற்றச் சொல்வதில்லை.

"உள்ள வரலாமுங்களா, அக்கா?"

தொப்பியும் முகமூடியும் போட்டிருந்தான். அவன் மூன்று அடி எடுத்து வைப்பதற்குள் ஜெசிந்தாவுக்குத் தெரிந்துவிட்டது. அவள் திரையில் பார்க்கிற அதே நடை. பிறகு, எந்த நோயாளியையும் கேட்பதுபோல், "சீட்டு குடுங்க. என்ன தொந்தரவு?" என்றாள்.

செங்கோடன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். கிறிசாந்தைவிட ஒரு தலை உயரம். முகம் சிறுபிள்ளை முகம்.

"பாட்டு முடிஞ்சு போகுதுங்க்கா. காலு முடிய மாட்டேங்குது."

"வெளங்கற மாதிரி சொல்லுங்க."

"உள்ள போறனுங்களா, பாடறனுங்களா, ஒரு இடத்துல எனக்கு மூச்சு தீந்துருது. உங்க வூட்டுக்காரருக்கு அந்த எடத்துல இன்னும் பாதி மூச்சு இருந்திருக்கும்போல. காலு அதை நம்பி மேல போகுது. நான் திரும்புன்னாத் திரும்பறதில்லை. கண்ணு இருட்டிக்குதுங்க. அப்புறம் முழிச்சுப் பாத்தா நம்ம பக்கத்துல நிக்கறேன், எல்லாரும் முதுகுல தட்டறாங்க."

"பாட்டு நின்னா ரெஃப்ரி விசில் ஊதணுமே."

அவன் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினான். "இங்க பட்டை கட்டறாங்கள்ல. பச்சை வெளக்கு எரிஞ்சா பாடறேன்னு அர்த்தம். அது தொண்டை அசையறதைத்தான் பாக்குதுங்க. தொண்டையும் அவரு தொண்டை மாதிரியே அசையுது. காத்து இருந்தா என்ன, இல்லாட்டி என்ன. அந்தக் கூட்டத்துச் சத்தத்துல யாருக்குக் கேக்கும்?"

"உங்க டாக்டருகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேனுங்க. பழகிக்கும்னாரு."

ஜெசிந்தா அவனை மரப்படியில் ஏறி இறங்கச் சொன்னாள். பாடிக்கொண்டே ஏறச் சொன்னாள். நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டாள். இரண்டு துடிப்புக்கு நடுவே ஒரு துடிப்பு காணாமல் போய், பிறகு அவசரமாக ஓடிவந்து சேர்ந்துகொண்டது. மறுபடியும் வைத்துக் கேட்டாள். மறுபடியும் அப்படியே.

"இதய டாக்டருக்கு எழுதித் தாரேன். இன்னைக்கே போங்க. அந்தப் பொத்தானை எடுத்தே ஆகணும். இன்னொரு பருவத்துக்கு இந்த நெஞ்சு தாங்காது."

"நானா எடுத்தா ஒப்பந்தத்தை முறிச்சேன்னு எழுதிருவாங்க. அப்புறம் எந்த அணியும் தொடாது." அவன் தன் பாதங்களைப் பார்த்தான். "உரியவங்க திரும்ப வாங்கிட்டா மட்டும் என் மேல குத்தமில்லைங்க. அதைக் கேக்கத்தான் பஸ் ஏறி வந்தேன். இங்க வந்ததும் வாய் வரலீங்க. அது உங்க வூட்டுக்காரருங்கல்ல."

ஜெசிந்தா ஜன்னலை மூடப் போனாள். அது மூடித்தான் இருந்தது.

"அது இல்லன்னா நீங்க எப்பிடி ஆடுவீங்க?"

"ரெய்டு சுமார்தானுங்க. பெஞ்சுல உக்காந்திருந்தவன்." பிறகு முதல் தடவையாக அவன் குரலில் ஒரு நிமிர்வு வந்தது. "ஆனா புடிப்பேனுங்க. கால்புடி போட்டா எவனும் நகர முடியாது. அதைத்தான் யாரும் கேக்கறதில்லை."

சீட்டை வாங்கிக்கொண்டு கிளம்பினான். வழக்கப்படி கதவுவரை அவளும் போனாள். வாசலில் ஒற்றைக்காலில் நின்று மற்றக் காலை மடக்கினான். அவனுடைய வலது கை தானாக விலகி, கீழே இறங்கி, காற்றில் ஓரிடத்தில் ஊன்றியது. அங்கே ஒன்றும் இல்லாததால் சாய்ந்தான். சட்டென்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"மன்னிச்சுக்குங்க. வூட்டுலயும் இப்படித்தான். எங்கம்மா திட்டும், எதுக்குடா காத்தைப் புடிக்கறேன்னு. கபடியில இந்த அசைவே இல்லீங்களே, எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியலை."

இவ்வளவு உயரமான ஆள் கையை ஊன்ற வேண்டிய உயரம் அது இல்லை. ஜெசிந்தாவின் தோள் உயரம் அது. அவன் போன பிறகுதான், அந்தக் கை இறங்கிய பக்கமாகத் தான் அரை அடி நகர்ந்து போய் நிற்பதை அவள் கவனித்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் கொங்கு அணியின் இறுதிப்போட்டியை மறுபடி போட்டாள். முதல் தடவையாகச் சத்தத்தோடு. லீக் தளத்தில் ஒவ்வொரு சத்தத்தையும் பிரித்துக் கேட்க முடியும். கூட்டத்தை எடுத்துவிட்டு, செங்கோடன் பக்கத்தில் நின்ற நடுவரின் சட்டை மைக்கை மட்டும் வைத்தாள். கேட்டாள். பிறகு சத்தத்தை அணைத்துவிட்டு அதே ரெய்டைப் பல தடவை பார்த்தாள். இடது கால் சிக்கக் கொடுப்பதுபோல் போய்ச் சிக்காமல் வந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் உதடு தன்னையறியாமல் சிரித்தது. ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தாலே போதும், அந்தக் கால் அவள் ஊருக்கு வரும். மைதானத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்க்கலாம். கை நீட்டினால் எட்டும் தூரம்.

அதற்கு அவள் ஆசைப்படவில்லை என்று யாராவது சொன்னால் அவளே மறுத்திருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை ஐஸ் பேக்டரி மாடியில் கால் வைக்க இடமில்லை. கீழே இயந்திரம் ஓட, தரை ஜில்லென்று இருந்தது. கூடலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பேசினார்.

"இருளப்பன் நல்ல பிடிகாரன். நான் இல்லங்கல. ஆனா பிடிச்சு மட்டும் கப்பு வாங்க முடியாது. மூணு வருசமா நமக்கு என்ன கெடச்சுது? ஆறுதல் பரிசு, ஒரு குத்துவிளக்கு. அதுலயும் ஒரு முகம் ஒடஞ்சிருக்கு."

"அது உங்க வண்டியில வரும்போது ஒடஞ்சது" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"செங்கோடன் வந்தா கிறிசாந்து வந்த மாரி. அம்புட்டுதான்."

மெர்லின் எழுந்தாள். "கிறிசாந்தண்ணன் வந்தா மொதல்ல உங்களைத்தான் கேப்பாரு அண்ணாச்சி, என் காலை எவங்கிட்டயோ மாட்டிவிட்டுக் கைதட்டுதீங்களேன்னு. அந்தப் பையனை யாராவது மனுசனா நெனச்சீங்களா? அவன் தோத்தா அவன் தோத்தான்னு ஏசுவோம். ஜெயிச்சா கிறிசாந்து ஜெயிச்சாருன்னு சொல்லுவோம். அவனுக்கு என்ன மிச்சம்?"

"காசு மிச்சம்" என்றது பின்னாலிருந்த அதே குரல்.

"ஒமக்குக் குடுத்தா உம்ம காலைக் குடுப்பீரா?"

"எங்காலை யாரு கேக்கா? ரெண்டும் யானைக்காலு."

சிரிப்பு அடங்கியதும் எல்லாரும் ஜெசிந்தாவைப் பார்த்தார்கள். அவள் கதவோரம் நின்றிருந்தாள். வியாழக்கிழமை அந்த அறையில் கேட்டதைச் சொன்னால் ஒரு நிமிடத்தில் கூட்டம் முடிந்துவிடும். ஆனால் நோயாளி சொன்னதை வெளியே சொல்வது அவளிடம் இல்லாத பழக்கம். மன்றத்தார் ஆட்டம் பார்க்கிற பெரிய திரையின் பக்கம் அவள் நடந்தாள்.

"மெர்லின், போன வருசத்து பைனல். செங்கோடனோட கடைசி ரெய்டைப் போடு. கூட்டத்துச் சத்தத்தை எடுத்திரு. நடுவர் மைக் மட்டும்."

"சத்தத்தை எடுத்தா அதுல என்னக்கா இருக்கும்?"

"அதைத்தான் பாக்கப் போறோம்." கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "கிறிசாந்துன்னு சொல்லுதீங்கல்ல. அவருக்குக் கட்டுன மாரி இன்னைக்கு இவனுக்கு மூச்சுக் கட்டுங்க. எதிரணி ஆளுன்னு இதுவரைக்கும் கூவத்தான் செஞ்சிருக்கீங்க. ஒரு தடவை கட்டுங்க."

யாரோ டீக்கணக்கு யார் என்று கேட்டார்கள். திரையில் செங்கோடன் நடுக்கோட்டைத் தாண்டினான். மாடியில் இருந்த அத்தனை வாயும் மூடிக்கொண்டது.

'கபடி கபடி கபடி' என்று ஒற்றைக் குரல் அறைக்குள் நடந்து வந்தது. வெறும் ஒரு பையனின் குரல். கால்கள் வலப்புறம் போய், இடப்புறம் வளைந்து, ஒருவனைத் தொட்டன. குரல் மெலிந்தது. 'கபடி' என்பது 'கபட்' ஆகி, பிறகு உதட்டின் ஒட்டல் மட்டும் கேட்டு, அதுவும் நின்றது.

கால்கள் நிற்கவில்லை. தொண்டைப் பட்டையில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வாய் அசைந்துகொண்டிருந்தது. மூச்சுக் கட்டி உட்கார்ந்திருந்த அந்த மாடியில் கீழே ஓடும் ஐஸ் இயந்திரத்தைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. திரையில் ஒருவன் சத்தமே இல்லாமல் இரண்டாவது ஆளைத் தொட்டான், மூன்றாவது ஆளை ஏமாற்றினான், இடது காலைக் கொடுப்பதுபோல் கொடுத்து எடுத்துக்கொண்டான். கண் பாதி மூடியிருந்தது.

முன்வரிசையில் ஒரு பெண் மூச்சை விட்டாள். அடுத்து இரண்டு பேர். கூடலிங்கம் முகம் சிவந்து, துண்டால் வாயைப் பொத்தி, கடைசியில் விட்டார். திரையில் அவன் இன்னும் திரும்பவில்லை. அத்தனை பேரும் மூச்சு விட்டு, மறுமூச்சு இழுத்த பிறகுதான் அவன் கால் கோட்டைத் தொட்டது. அணி ஓடிவந்து அவன் முதுகில் தட்டியது.

காசிம் மட்டும் கடைசிவரை கட்டியிருந்தார். மெல்ல விட்டார்.

"தண்ணிக்கு அடியில ஆளு இப்பிடித்தான் இருப்பான்" என்றார். "காலு மட்டும் அசையும்."

கிறிசாந்தை மேலே கொண்டுவந்தவர் அவர் என்பது அந்த மாடியில் எல்லாருக்கும் தெரியும்.

"பாட்டு நின்னு போச்சே" என்றார் கூடலிங்கம், தனக்குத்தானே. "நம்ம மைதானமா இருந்தா அன்னைக்கே கேட்டிருக்கும்."

"கிறிசாந்து ஆட்டம் காலுல இருந்துச்சுன்னு எல்லாரும் நெனச்சோம்" என்றாள் ஜெசிந்தா. "நானும்தான். சட்டையில காலு ஏறுச்சு. மூச்சு ஏறல. அது அவரோட போச்சு." குரல் எங்கும் தடுக்கவில்லை. "நாளைக்குக் காலையில பதிவைத் திரும்ப வாங்குதேன்."

கூடலிங்கம் மெதுவாகக் கேட்டார். "மதினி, அழிச்சிருவாங்க. அதுக்கப்புறம் எங்கயும் இருக்காது. யோசிச்சுட்டீங்களா?"

"யோசிச்சேன்."

"அப்ப கப்பு?" என்று பின்னாலிருந்து அதே குரல்.

"ஒம்ம மூச்சை வச்சு வாங்கும்" என்றாள் மெர்லின்.

"இருளப்பனைக் குடுக்காதீங்க" என்றாள் ஜெசிந்தா. "பதிவு போயிட்டா கொங்கு இவனைச் சும்மா விட்டிரும். அப்ப கேளுங்க. ரெய்டுக்கு இல்ல. கார்னருக்கு. இருளப்பன் ஒரு பக்கம், இவன் ஒரு பக்கம். கால்புடி போட்டா எவனும் நகர முடியாது."

"அது ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்? அவன் ஒருநாளும் பிடிச்சதில்லையே" என்றார் கூடலிங்கம்.

"மனுசன் கையைப் பாத்தா எனக்குத் தெரியாதா? இத்தனை வருசம் நான் வேற என்ன பாத்தேன்?"

மன்றத்தில் எதையும் கை தூக்கித்தான் முடிப்பார்கள். முதல் கை மெர்லினுடையது. அப்புறம் காசிம். கூடலிங்கம் கொஞ்சம் பொறுத்து, துண்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை உயர்த்தினார். கை மெல்ல ஏறி, பல்லைக் கடித்த ஒரு இழுப்பில் காதைத் தொட்டது.

"அப்பிடியே இருங்க, எறக்காதீங்க" என்றாள் ஜெசிந்தா. ரெய்டைப் பார்த்த பிறகு மாடி சிரித்தது அப்போதுதான்.

பதிவை அழிப்பது ஒரு கையெழுத்தோடு முடிந்தது. திரும்பி வந்து, வீட்டிலிருந்த கிறிசாந்தின் பழைய ஆட்ட வீடியோக்களைப் பார்த்தாள். அவற்றில் ஆடியது கிறிசாந்தேதான், முழு மனிதனாக, சத்தத்தோடு. மைதானம் அமைதியாக இருந்தது. அவன் பாட்டு ஒரு இடத்திலும் விடவில்லை.

செங்கோடன் அடுத்த பருவம் கொற்கைக்கு வந்தான். நெஞ்சைச் சரிசெய்ய மாதங்கள் பிடித்தன; கால்களுக்கு அதைவிட அதிகம். ஆரம்பத்தில் நடுக்கோட்டருகே போனாலே தடுமாறினான். எந்தக் காலை முதலில் வைப்பது என்று யோசித்துத்தான் வைத்தான். ரசிகர்கள் ஏசினார்கள், குறிப்பாகக் கூடலிங்கம். ஆனால் எதிரணி ரெய்டரின் கணுக்கால் ஒருமுறை அவன் கைக்குள் போய்விட்டால் வெளியே வருவதில்லை. கப்பு வரவில்லை. அரையிறுதி வரை வந்தார்கள். மெர்லின் அவன் பெயரை எழுதிய சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு கிரேன் ஓட்டினாள்.

பருவம் முடிந்து ஊருக்குப் போகும் முன்னால் அவன் மருத்துவமனைக்கு வந்தான். ஜெசிந்தா நெஞ்சைக் கேட்டாள். துடிப்புகள் வரிசையாக வந்தன.

"நல்லா இருக்கு. ஆட்டம் இல்லாத மாசத்துல ஓடாதீங்க, நடங்க. மாசம் ஒருக்க வந்து காட்டணும்."

"சரிங்க்கா. இப்பல்லாம் காத்தைப் புடிக்கறதில்லைங்க. எங்கம்மாவுக்கு ஒரே சந்தோசம்."

வாசலில் அவன் சுவரில் கை வைத்துக்கொண்டு செருப்பைப் போட்டான். இரண்டு காலையும் மாட்டி, நிமிர்ந்து, பக்கத்தில் தோள் எட்டும்படி வந்து நிற்கிற அவளை ஒரு விநாடி புரியாமல் பார்த்தான். பிறகு வணக்கம் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான். பாதம் முழுக்கத் தரையில் பதித்து நடக்கிற, காங்கேயத்துக்காரனின் நடை.

ஜெசிந்தா உள்ளே வந்தாள். கூடலிங்கம் வருகிற நேரம். கப்பிக் கயிற்றைச் சரிசெய்தபோது, கோடு போட்ட கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். நேராகத்தான் நின்றிருந்தாள். இடது தோள் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது.